‘ஆசியா’ என்றொரு குவைகிப்
சென்னையில் கண்டறியப்பட்ட சிறுகோளும் அதன் சுற்றுப்பாதையும்

சில ஆண்டுகளுக்கு முன், ஷஅபான் 29-ஆம் நாள் மாலை, நமது ஊராகிய மீன்சுருட்டியில் முந்திரித் தோப்புகளுக்கு அப்பாலுள்ள திறந்த மேட்டில் பிறை பார்க்கக் கூடியிருந்தோம். விடுமுறையில் ஊர் திரும்பியிருந்த அரபிக் கல்லூரி மாணவர் சிலரும் உடனிருந்தனர். மேற்கு வானம் தெளிவாக இருந்தும் பிறை தென்படவில்லை. இருள் கவியத் தொடங்கியதும் விண்மீன்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. வழக்கம்போல் நாம் அவற்றின் அரபுப் பெயர்களைச் சொல்லத் தொடங்கினோம்: அத்தபரான், ரிஜ்ல், ஃபமுல் ஹூத். அவற்றை அட்டவணைப்படுத்திய அஸ்ஸூஃபி, அல்பீரூனி, உலூக் பேக் ஆகியோரைப் பற்றியும் பெருமிதத்துடன் எடுத்துரைத்தோம். கேட்டுக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் வினவினார்: “ஹஜ்ரத், இவையெல்லாம் இஸ்ஃபஹானிலும் ஸமர்கந்திலும் இருந்து பார்த்தவை. நம் தமிழ் மண்ணில் நின்று பார்த்து எவரேனும் ஒரு கோளைக் கண்டுபிடித்ததுண்டா?”

நம்மிடம் விடையில்லை. “தேடிப் பார்த்துச் சொல்கிறோம்” என்றோம். அவ்வாறு தேடிப் பெற்ற விடையே இக்கட்டுரை. உண்டு, ஒன்றல்ல, பல உண்டு. அவற்றுள் முதலாவதன் பெயர் ‘ஆசியா’. சென்னை நுங்கம்பாக்கத்தில், 1861-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் அது கண்டறியப்பட்டது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதற் சிறுகோள் அதுவே.

குவைகிப் என்னும் சொல்

சூரியனைச் சுற்றிவரும் பெருங்கோள்களுள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு பெரும் வெளி உள்ளது. அவ்வெளியில் பல லட்சம் பாறைத் துண்டங்கள் தத்தம் பாதையில் சூரியனைச் சுற்றி வருகின்றன. இவற்றையே தமிழில் சிறுகோள்கள் என்கிறோம். இக்கால அரபியில் இவற்றுக்குக் ‘குவைகிப்’ என்று பெயர், பன்மையில் ‘குவைகிபாத்’. ‘கவ்கப்’ என்னும் சொல்லின் தஸ்கீர், அதாவது சிறுமைப் பொருள் வடிவம் அது. ஸர்ஃப் பயிலும் முதலாண்டு மாணவரும் அச்சொல்லின் பொருளை எளிதில் கண்டுகொள்வார்.

முன்னோர் அறிந்த கோள் வரிசையில் இவற்றுக்கு இடமில்லை. நமது மத்ரஸாக்களில் ஒரு காலத்தில் இல்முல் ஹைஅத் பாடமாக ஓதப்பட்ட ‘ஷரஹ் சக்மீனி’, ‘தஷ்ரீஹுல் அஃப்லாக்’ ஆகிய நூல்கள் சூரியனையும் சந்திரனையும் சேர்த்து ஏழு கோள்களையே பேசுகின்றன. நமது ஊருக்கு அண்மையிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட கோள்களின் சிற்பத்தைக் காண வெளியூரார் பலர் வருவர். அதிலுள்ள எண்ணிக்கை ஒன்பது. ஏழாயினும் ஒன்பதாயினும் கண்ணால் கண்டவற்றையும் அவற்றைக் கொண்டு கணித்தவற்றையும் வைத்தே முன்னோர் எண்ணினர். சிறுகோள்களைக் காணத் தொலைநோக்கி வேண்டியிருந்தது. அதனினும் மேலாக, அவற்றை ‘இன்னதுதான்’ என்று அடையாளங்காண ஒரு கணித முறை வேண்டியிருந்தது.

முதற் சிறுகோளாகிய ‘சீரிஸ்’, 1801 ஜனவரி முதல் நாளில், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் கியூசெப்பே பியாஸி என்னும் பாதிரியாரால் காணப்பட்டது. ஏறத்தாழ ஆறு வாரங்கள் அதைத் தொடர்ந்து நோக்கிய பின் அவர் நோயுற்றார். பின்னர் அது சூரியனின் ஒளியில் மறைந்துவிட்டது. மறைந்தது மீண்டும் எங்கே தோன்றும் என்று எவராலும் சொல்ல இயலவில்லை. அப்போது 24 வயதே ஆகியிருந்த ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ், சில நோக்குகளை மட்டுமே கொண்டு ஒரு பாதையை வரையும் முறையை வகுத்தார். அவர் குறித்த இடத்துக்கு மிக அருகிலேயே அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் சீரிஸ் மீண்டும் அகப்பட்டது.

அம்முறையின் உட்கருத்தை எளிதாகவே சொல்லலாம். ஒரு கோளின் பாதையை முழுமையாகக் குறிக்க ஆறு எண்கள் தேவை: பாதையின் அளவு, அதன் நீள்வட்டத் தன்மை, அதன் தளம் சாய்ந்துள்ள கோணம், அத்தளம் திரும்பியுள்ள திசை, அத்தளத்துக்குள் நீள்வட்டம் நோக்கும் திசை, குறித்த ஒரு நாளில் அப்பாதையில் கோள் நிற்கும் இடம். தொலைநோக்கியால் ஒரு முறை நோக்கும்போது தூரம் தெரியாது. வானில் கிழக்கு மேற்காக ஓர் அளவும் வடக்கு தெற்காக ஓர் அளவும் ஆக இரண்டு எண்களே கிடைக்கும். ஆகவே மூன்று இரவுகளின் நோக்குகள் ஆறு எண்களைத் தரும். ஆறைக் கொடுத்து ஆறைப் பெறுவதே அக்கணக்கு. சொல்வதற்கு எளிது, காகிதத்தில் போட்டு முடிக்க அக்காலத்தில் பல மணி நேர உழைப்பு வேண்டும்.

நுங்கம்பாக்கத்தில் ஓர் இரவு

சென்னையில் 1786-இல் வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அதிகாரி தம் வீட்டில் ஒரு தனி வான் ஆய்வுக்கூடம் அமைத்தார். பின்னர் அதைக் கிழக்கிந்தியக் கும்பினி ஏற்றுக்கொண்டு, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. அதை எழுப்பிய மைக்கேல் டாப்பிங்கின் பெயர் பொறித்த கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கின்றது. கும்பினிக்கு அதனால் கிடைத்த பயன் வேறு. கப்பலோட்டவும் நில அளவை செய்யவும் துல்லியமான நேரமும் தீர்க்க ரேகையும் தேவைப்பட்டன. பிற்காலத்தில் இந்திய இரயில்வேக்கள் பின்பற்றிய ‘சென்னை நேரம்’ அக்கூடத்தின் கணக்கே.

1861-இன் தொடக்கத்தில் நார்மன் ராபர்ட் போக்சன் என்னும் ஆங்கிலேயர் அங்கு அரசாங்க வானியலராகப் பொறுப்பேற்றார். 1829-இல் நாட்டிங்ஹாமில் பிறந்த அவர், ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய காலத்திலேயே சிறுகோள்களைக் கண்டறிந்து பெயர் பெற்றவர். சென்னைக்கு வந்த சில மாதங்களுக்குள் ‘ஆசியா’ அவர் பார்வையில் பட்டது. அதுவரை கண்டறியப்பட்ட சிறுகோள்களின் வரிசையில் அதன் எண் 67. கிரேக்கப் புராணத்தில் ஆசியா என்பது ஒரு பெண்ணின் பெயர். அது நமது கண்டத்தின் பெயருமாகும். இரண்டையும் கருதியே அப்பெயர் இடப்பட்டது.

அக்காலத்தில் இத்தேடல் எவ்வாறு நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தல் நலம். வான்பகுதி ஒன்றின் விண்மீன் வரைபடத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் அதனோடு ஒப்பிட வேண்டும். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால், அது படம் வரைந்தவர் விட்டுவிட்ட விண்மீனாகவும் இருக்கலாம், நகரும் கோளாகவும் இருக்கலாம். எது என்று அறிய மறுமுறை பார்க்க வேண்டும். வெளிவட்டத்தில் மெதுவாகச் செல்லும் சிறுகோளை உள்வட்டத்தில் விரைந்து செல்லும் பூமி முந்துகின்றது. கும்பகோணம் சாலையில் நாம் செல்லும் பேருந்து மற்றொரு பேருந்தை முந்தும்போது, தொலைவிலுள்ள மரங்களை வைத்துப் பார்த்தால் அப்பேருந்து பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றுமல்லவா? அவ்வாறே சிறுகோளும் விண்மீன்களிடையே மேற்கு நோக்கிப் பின்னடைவதாகத் தோன்றும். ஆசியாவின் நிலையில் அந்நகர்வு, ஒரு நாளில் முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ பாதி. அந்தச் சிறு பெயர்ச்சியைக் கொண்டே அதை அடையாளங்காண வேண்டும்.

ஒற்றைச் செய்தியும் அதன் சான்றும்

ஹதீஸ் கலை பயின்றவர்க்கு இங்கே ஒரு பழகிய நெறி நினைவுக்கு வரும். ஒருவர் மட்டும் அறிவிக்கும் செய்தி எவ்வளவு நம்பத்தக்கவரிடமிருந்து வந்தாலும், அறிஞர்கள் அதற்குத் துணைநிற்கும் வேறு அறிவிப்பு உண்டா என்று தேடுவர். அத்துணையை முதாபஅத் என்றும் ஷாஹித் என்றும் வகைப்படுத்துவர். அறிவிப்பவரின் நேர்மையாகிய அதாலத் ஒன்று. அவர் செய்தியைப் பிழையின்றிக் காத்து வைக்கும் திறனாகிய ளப்து மற்றொன்று. இரண்டும் சேர்ந்தாலன்றி நிறைவில்லை.

சிறுகோளின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கதே. ஒரே இரவில் ஒருவர் கண்ட புள்ளிக்கு வானியலார் நிலையான எண் வழங்குவதில்லை. பல இரவுகள், பல இடங்கள், பல சுற்றுகள் என நோக்குகள் சேர்ந்து பாதை உறுதியான பிறகே இன்று எண் கிடைக்கும். அவ்வாறு உறுதிப்படாதவை தொலைந்தும் போகும். 1911-இல் வியன்னாவில் காணப்பட்ட ‘ஆல்பர்ட்’ என்னும் சிறுகோள், போதிய நோக்குகள் இன்மையால் தொலைந்து, 2000-இல்தான் மீண்டும் அகப்பட்டது. ஏறத்தாழ 89 ஆண்டுகள் அது பெயரளவிலேயே இருந்தது.

1861-இல் சென்னைக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே தந்தித் தொடர்பு இல்லை. சூயஸ் கால்வாயும் திறக்கப்படவில்லை. போக்சன் கண்ட செய்தி கப்பல் தபாலில் வாரக்கணக்கில் பயணம் செய்தே மேற்கே சென்றது. உடனே பார்த்து உறுதிசெய்வார் எவருமில்லாத நிலையில், சென்னையிலேயே இரவுதோறும் அதன் இடத்தைக் குறித்துவைத்த ஏடுகளே அதற்குச் சான்றாயின. ஆசியா தொலைந்துபோகாமல் இருந்ததற்கு அந்த ளப்துதான் காரணம் எனலாம்.

ஆசியாவின் பாதை

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவை ஓர் அலகாகக் கொண்டால், ஆசியாவின் சராசரித் தொலைவு 2.42 அலகு, அதாவது ஏறத்தாழ 36 கோடி கிலோமீட்டர். அதன் பாதை வட்டமன்று; சற்று நீண்ட நீள்வட்டம். அண்மையில் வரும்போது சூரியனிலிருந்து 1.97 அலகிலும், அகன்று செல்லும்போது 2.87 அலகிலும் இருக்கும். பூமியின் பாதைத் தளத்துக்கு அதன் தளம் ஏறத்தாழ 6 பாகை சாய்ந்துள்ளது.

ஒரு சுற்றுக்கு எவ்வளவு காலம் என்பதைக் கெப்ளரின் மூன்றாம் விதி தருகின்றது. தொலைவை மும்முறை பெருக்கி அதற்கு வர்க்கமூலம் கண்டால் ஆண்டுக் கணக்கு வரும். 2.42-ஐ மும்முறை பெருக்கினால் 14.17; அதன் வர்க்கமூலம் 3.76. ஆகவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் ஆசியாவின் ஓர் ஆண்டு. செவ்வாய் சூரியனை ஒருமுறை சுற்ற 1.88 ஆண்டு ஆகும். அதன் இருமடங்கும் 3.76 ஆகும். செவ்வாய் இருமுறை சுற்றும் காலத்தில் ஆசியா ஒருமுறை சுற்றிவிடுகின்றது என்பது கருதத்தக்கது. பூமி அதை ஏறத்தாழ பதினாறு மாதங்களுக்கு ஒருமுறை முந்துகின்றது. அப்போதுதான் அது நள்ளிரவில் உச்சிக்கு வந்து நன்கு தெரியும். கண்டறியப்பட்ட நாள் முதல் இதுவரை அது நாற்பது முறைக்கு மேல் சூரியனை வலம் வந்துவிட்டது.

அதன் விட்டம் ஏறத்தாழ 58 கிலோமீட்டர். மீன்சுருட்டியிலிருந்து அணைக்கரை வழியாகக் கும்பகோணம் சென்று, மேலும் சிறிது தொலைவு போனால் எவ்வளவோ அவ்வளவே. தன்னைத்தானே சுற்ற அதற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் ஆகின்றது. கற்பாறை வகையைச் சேர்ந்தது.

வெறுங்கண்ணால் அதைக் காண இயலாது. ஏன் இயலாது என்று சொல்லப் போக்சனின் அளவுகோலே உதவுகின்றது. விண்மீன்களின் ஒளியை ஆறு தரங்களாகப் பிரிப்பது தாலமி காலத்து வழக்கம். அவரது அட்டவணையை அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி (ரஹ்) தம் கண்ணாலேயே மீண்டும் சரிபார்த்து, தரங்களுக்கு இடைப்பட்ட நிலைகளையும் குறித்து, 964-ஆம் ஆண்டளவில் ‘ஸுவருல் கவாகிப்’ என்னும் நூலைச் செய்தார். அத்தரங்களுக்குத் திட்டமான கணித வடிவம் தந்தவர் போக்சன். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது 1856-இல், முதல் தரத்துக்கும் ஆறாம் தரத்துக்கும் இடையே ஒளி சரியாக நூறு மடங்கு குறைவதாகக் கொண்டால் ஒரு தரத்துக்கு 2.512 மடங்கு வேறுபாடு வரும் என்று அவர் முன்மொழிந்தார். உலகெங்கும் இன்றுவரை அதுவே வழக்கில் உள்ளது. கண்ணின் எல்லை ஆறாம் தரம். ஆசியா மிக நன்றாகத் தெரியும் காலத்தில்கூட ஏறத்தாழ பத்தாம் தரமே. நான்கு தர வேறுபாடு என்றால் கண்ணுக்கு எட்டும் எல்லையினும் நாற்பது மடங்கு மங்கல் என்று பொருள். சிறு தொலைநோக்கி இருந்தால் போதும். ஆனால் எங்கே நோக்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

உடனுழைத்தோர்

இவ்வுழைப்பு ஒருவருடையதன்று. அக்கூடத்தின் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதம் அறிந்த குடும்பத்தில் வந்து, இளம் வயதிலேயே அக்கூடத்தில் சேர்ந்தவர். 1867-இல் ‘ஆர் ரெட்டிக்குலி’ என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். 1872-இல் இங்கிலாந்தின் அரச வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874-இல் நிகழவிருந்த வெள்ளிக்கோளின் சூரியக் கடப்பைப் பொதுமக்கள் அறியும்பொருட்டு, உரையாடல் வடிவில் ஒரு நூலை எழுதி, இந்திய மொழிகளிலும் வரச் செய்தார். வானில் காண்பதோடு பொருந்தாத பஞ்சாங்கக் கணக்கைத் திருத்த வேண்டும் என்று வாதிட்டார். தம் சமூகத்தில் வழிவழி வந்த கணக்கை மதித்துக்கொண்டே, வானத்தைப் பார்த்து அதைச் சரிசெய்யத் துணிந்த அவரது நிலை நம் சிந்தனைக்குரியது. அவர் 1880-இல் மறைந்தார். போக்சனின் மகள் ஐசிஸ் 1873 முதல் பல்லாண்டுகள் அக்கூடத்தில் கணிப்பாளராகப் பணியாற்றினார்.

ஆசியாவுக்குப் பின் 1864-இல் ‘சாஃபோ’, 1866-இல் ‘சில்வியா’, 1868-இல் ‘கமில்லா’, 1885-இல் ‘வேரா’ ஆகிய சிறுகோள்கள் சென்னையிலிருந்து போக்சனால் கண்டறியப்பட்டன. இவற்றுள் சில்வியா பின்னாளில் வியப்பளித்தது. அதற்கு 2001-இல் ஒரு துணைக்கோளும், பின்னர் இரண்டாவதும் அறியப்பட்டு, இரு நிலவுகள் உடைய முதற் சிறுகோள் என்று 2005-இல் அறிவிக்கப்பட்டது. கமில்லாவுக்கும் இரண்டு துணைக்கோள்கள் உள்ளமை பிற்பாடு தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் குறித்துவைத்த புள்ளிக்குள் மூன்று பொருள்கள் இருந்தன என்பதை அறிய நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

போக்சன் 1891 ஜூன் மாதம் சென்னையிலேயே காலமானார். அவ்வாண்டின் இறுதியில்தான் ஜெர்மனியில் மாக்ஸ் வோல்ஃப் ஒளிப்படத் தகட்டின் துணையால் முதன்முதலாக ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். கண்ணால் ஒப்பிட்டுத் தேடும் காலம் அத்துடன் முடிவை நோக்கி நகரத் தொடங்கியது. 1899-இல் வானியற் பணிகள் கொடைக்கானலுக்கு மாறின.

‘வேரா’வுக்குப் பின் இந்திய மண்ணிலிருந்து மற்றொரு சிறுகோள் கண்டறியப்பட 103 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், 1988 பிப்ரவரி 17-ஆம் நாள் ஆர். ராஜமோகன் ஒன்றைக் கண்டறிந்தார். எண் 4130 பெற்ற அதற்குக் கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. மறு ஆண்டு அவர் அங்கேயே கண்ட மற்றொன்று, எண் 5178, கேரள உயிரியல் அறிஞர் ஸைனுத்தீன் பட்டாழியின் பெயரைத் தாங்கியுள்ளது.

மாணவரின் இரண்டாம் வினா

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு அம்மாணவரை மீண்டும் சந்தித்தபோது மகிழ்வுடன் எடுத்துரைத்தோம். முழுதும் கேட்டபின் அவர், “அப்படியானால் ஹஜ்ரத், இன்றிரவு ஆசியா எங்கே இருக்கிறது?” என்றார். மீண்டும் நாம் வாயடைத்து நின்றோம்.

சிந்தித்துப் பார்த்தால் அவரது முதல் வினா பெருமையைத் தேடிய வினா. நம் மண்ணுக்கும் ஒரு பெயர் உண்டா என்பதே அதன் உட்பொருள். அதற்குரிய விடையை நூலகத்தில் தேடிப் பெற்றோம். இரண்டாம் வினாவுக்கு நூலகம் மட்டும் போதாது. கணக்குப் போட வேண்டும், வானத்தை நோக்க வேண்டும். அல்பீரூனியையும் அஸ்ஸூஃபியையும் நாம் மேடைதோறும் நினைவுகூர்கின்றோம். ஆனால் அவர்கள் செய்த தொழிலை, அதாவது முந்தையோர் எழுதிய எண்ணை எடுத்துக்கொண்டு இரவில் வெளியே சென்று சரிபார்ப்பதை, நம் பாடசாலைகளில் பெரும்பாலும் விட்டுவிட்டோம். ‘ஷரஹ் சக்மீனி’ பல மத்ரஸாக்களின் பாடத்திட்டத்திலிருந்து நீங்கியது பற்றி நாம் வருந்தவில்லை. அதன் அண்ட அமைப்பு காலங்கடந்தது. அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை என்பதே நமது வருத்தம். தொழுகை நேரமும் கிப்லாவும் இன்று கைப்பேசி காட்டுகின்றது. பிறையைப் பற்றியோ ஆண்டுதோறும் ஊருக்கு ஊர் வழக்கு. ஒரு புள்ளியை மும்முறை பார்த்துக் குறித்து, அது நாளை எங்கிருக்கும் என்று சொல்லப் பழகிய மாணவர், பிறைத் தகவல் எதையும் இன்னும் நிதானத்துடன் எடைபோடுவார் என்பது நமது எண்ணம்.

அவரது வினாவுக்குப் பின், வகுப்பில் கரும்பலகையில் 2.42 என்று எழுதி, மும்முறை பெருக்கி வர்க்கமூலம் காணுமாறு மாணவரிடம் சொன்னோம். சிலர் தவறினர், சிலர் 3.76 என்று சரியாகக் கொணர்ந்தனர். அதன் பின் ஆறு எண்களையும் தந்து, அன்றிரவு ஆசியா எந்த விண்மீன் கூட்டத்தில் நிற்கும் என்று கணிக்கச் செய்தோம். மூன்று நாள் ஆயிற்று. அவர்கள் கணித்த இடத்தை வெளியிடப்பட்ட வானியல் அட்டவணையோடு ஒப்பிட்டபோது சற்றுப் பிழை இருந்தது. எங்கே பிழை நேர்ந்தது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கின்றனர்.